பிரவுன்ஷ்வைக்கில் ஒரு தகரத் தொட்டி

லேசர் பற்றிக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு ‘பொக்கெல்ஸ் செல்’ தெரிந்திருக்கும். சில படிகங்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றின் ஊடாக ஒளி போகும் விதம் மாறும். அதை வைத்து லேசர் கதிரை நானோநொடிக் கணக்கில் திறக்கலாம், மூடலாம். கல்லூரியில் எங்களுக்கு அது ஒரு சின்னக் கேள்வி. படம் வரைந்து, கண்டறிந்தவர் ஃப்ரீட்ரிஷ் பொக்கெல்ஸ், ஆண்டு 1893 என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அந்த ஃப்ரீட்ரிஷுக்கு மூன்று வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தார் என்பதை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான். அதுவும் லேசர் வழியாக இல்லை, சோப்பு நுரை எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் போனபோது.

அக்காவின் பெயர் ஆக்னஸ் பொக்கெல்ஸ். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வேதியியலில் ‘பரப்பு வேதியியல்’ என்று இன்று ஒரு பெரிய பிரிவு இருக்கிறதே, அதன் அளவீட்டு முறைக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வீட்டு வேலையில் கிடந்த ஒரு பெண், எண்ணெய் பிசுக்கு மிதக்கும் நீரைப் பார்த்தாள், யோசித்தாள், விஞ்ஞானி ஆனாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தம்பியின் குடும்பத்தார் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இது வருகிறது, அதனால் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. ஆனால் இந்தக் கதை எனக்கு உறுத்துகிறது. எண்ணெய் மிதக்கும் நீரைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆக்னஸ் அதை அளந்தார். எப்படி அளந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சமையலறையோடு நிறுத்திக்கொண்டால், பாராட்டுவது போலப் பாராட்டி அவரை மறுபடியும் அடுப்படியிலேயே உட்காரவைக்கிறோம்.

முதலில் அவருடைய வாழ்க்கை. பிறந்தது 1862 பிப்ரவரி 14, வெனிஸில். அப்போது வெனிஸ் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அப்பா ஆஸ்திரியப் படையில் அதிகாரி. மலேரியா அவர் உடம்பைக் கெடுத்துவிட, 1871-இல் பணியிலிருந்து விலகி, குடும்பத்தோடு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். ஆக்னஸ் அங்கே நகராட்சியின் பெண்கள் பள்ளியில் படித்தார். இயற்பியல் மீது அவருக்கு அப்படி ஓர் ஆசை. பள்ளி முடிந்தது, படிப்பும் முடிந்தது. பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. பிற்பாடு மெல்ல மெல்லக் கதவு திறந்தபோது, போக வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். அப்பா, அம்மா இருவருமே நோயாளிகள். பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த பெண் இவர்தான். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையாகச் சேர்த்தது 1908-இல். அப்போது ஆக்னஸுக்கு வயது 46.

தம்பி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய் இயற்பியல் படித்தான். அங்கிருந்து பாடப்புத்தகங்களை அக்காவுக்கு அனுப்பினான், பின்னால் ஆய்விதழ்களும் அவன் மூலமாகத்தான் வந்தன. ஒரே வீட்டில் ஒருவருக்குப் பல்கலைக்கழகம், இன்னொருவருக்கு அது அனுப்பிவைக்கும் தபால். நம் ஊரிலும் அண்ணன் தம்பிகளின் பழைய புத்தகங்களை வைத்துப் படித்த அத்தைகள், சித்திகள் எத்தனை பேர்! அதனால் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்தத் தம்பி கடைசிவரை புத்தகம் அனுப்பிக்கொண்டே இருந்தானே, அதுதான் ஆச்சரியம்.

சரி, அளந்த கதைக்கு வருவோம்.

தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்ளும். அந்த இழுப்புக்குத்தான் பரப்பு இழுவிசை என்று பெயர். துளி எண்ணெய் பட்டால் இழுப்பு குறையும். இது ரொம்பக் காலமாகத் தெரிந்த சங்கதி. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் பக்கம் கிளாபம் என்ற இடத்தில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, கிட்டத்தட்ட அரை ஏக்கர் பரப்புக்கு அலை அடங்கிப்போனதைப் பார்த்து 1774-இல் எழுதினார். அதோடு அது நின்றுவிட்டது. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு இழுவிசை குறையும் என்று யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஒருவர் அளந்தது இன்னொருவருக்கு வராது. அதே ஆள் மறுநாள் அளந்தாலும் வராது.

ஏன் என்று வீட்டிலேயே பார்க்கலாம். பூஜைக்கு வைத்திருக்கும் சூடத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, தட்டில் தண்ணீர் வைத்து மேலே போடுங்கள். சுத்தமான நீராக இருந்தால் அது வண்டு போலச் சுற்றிச் சுற்றி ஓடும். ஆனால் சமையலறைத் தட்டை எடுத்து, கையால் தொட்டு, அப்படியே செய்தால் பெரும்பாலும் சூடம் அசையாமல் மிதக்கும். தட்டைக் கழுவித்தானே வைத்தோம் என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் ஏற்கெனவே பரப்பில் படர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தட்டின் விளிம்பில் இருந்தது, விரலில் இருந்தது, காற்றில் இருந்தது, எதிலிருந்தும் வந்திருக்கலாம். நீரின் மேற்பரப்பைச் சுத்தமாக வைத்திருப்பது என்பதே ஒரு பெரிய தொழில்நுட்பம். 19-ஆம் நூற்றாண்டில் இதைச் சோதித்த பலருடைய முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்த அழுக்குதான்.

ஆக்னஸ் ஏறக்குறைய 20 வயதில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். செவ்வக வடிவில் ஒரு தகரத் தொட்டி. நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 5, உயரம் 2. விளிம்பு தளும்ப நீர் ஊற்றுவது. குறுக்கே ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தகரப் பட்டையை, அதன் அடிப்பக்கம் நீரைத் தொடும்படி வைப்பது. இப்போது நீரின் மேற்பரப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பரப்பு சுருங்கும், அந்தப் பரப்பு விரியும். தொட்டியின் முன்பக்கம் ஓர் அளவுகோல். அவ்வளவுதான் கருவி.

இதன் நுட்பம் எங்கே இருக்கிறது? பட்டையை ஒரு கோடியிலிருந்து தள்ளிக்கொண்டே போனால் மேற்பரப்பில் இருக்கும் பிசுக்கையும் தூசியையும் அது வழித்துக்கொண்டு போய்விடும். பின்னால் புதிதாகத் திறக்கும் பரப்பு சுத்தமானது. துடைக்கும் கருவியும் அளக்கும் கருவியும் ஒன்றே. அடுத்து, தெரிந்த அளவு எண்ணெயை ஒரு பக்கம் இட்டுப் பரப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தால், எண்ணெய் அளவு மாறாமல் அதன் நெருக்கம் மட்டும் மாறும். ஒரு சென்டிமீட்டர் தள்ளுவது, இழுவிசையை அளப்பது, குறித்துக்கொள்வது, மறுபடி தள்ளுவது. எண்ணெய் கூட்டிக் குறைத்து மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இழுவிசையை அளக்க 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய வட்டத் தகட்டை நீரில் தொடவைத்து, அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு எடை தேவை என்று பார்த்தார். தராசு இரண்டு பக்கமும் சமமில்லாத கைகளும் நகரும் எடையும் கொண்டது, நம் பழைய வெள்ளிக்கோலின் வகையைச் சேர்ந்தது.

அதில் அவர் கண்டது என்ன என்றால்: பரப்பைச் சுருக்கச் சுருக்க, வெகுதூரம் வரைக்கும் இழுவிசை மாறவே இல்லை. சுத்தமான நீர் மாதிரியே நடந்துகொண்டது. ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் சடாரென இறங்க ஆரம்பித்தது. படிப்படியாகக் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இது அப்படி இல்லை. பரப்புக்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன என்று ஆக்னஸ் முடிவு செய்தார். கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் இதை வீட்டுக்குள்ளேயே, நோயாளிகளைக் கவனித்த நேரம் போக மிச்ச நேரத்தில் செய்துகொண்டிருந்தார். வெளியே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1890-இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு இதே துறையில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய இயற்பியலாளர்களில் ஒருவர், பின்னாளில் ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததற்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் செய்த சோதனையும் சூடம்தான். நீரில் ஓடும் சூடத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் போதும் என்று பார்த்தார். 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள நீர்ப்பரப்புக்கு 0.81 மில்லிகிராம். கணக்குப் போட்டால் எண்ணெய்ப் படலத்தின் கனம் சுமார் 1.6 நானோமீட்டர். அணு, மூலக்கூறு எல்லாம் உண்மையா என்று பெரிய பெரிய ஆட்களே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மூலக்கூறு அளவை எட்டிப்பார்த்த கணக்கு அது.

இந்த ஆய்வுகளைப் பற்றித் தெரிந்துகொண்ட ஆக்னஸ், 1891 ஜனவரி 10 அன்று ரேலிக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மனில் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிப்பு. பிறகு, பல காரணங்களால் ஆய்விதழ்களில் வெளியிடும் நிலையில் தான் இல்லை, அதனால் முக்கியமானவற்றை உங்களுக்குச் சொல்கிறேன் என்று ஒரு வரி. அந்தப் பல காரணங்கள் என்னென்ன என்று அவர் அங்கே விரிக்கவில்லை. அடுத்த வரியிலேயே தொட்டியின் அளவுகளுக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்தக் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் அது. புலம்பல் கிடையாது, நேராக 70 சென்டிமீட்டர்.

கடிதம் ஒரு முழு ஆய்வுக் கட்டுரைதான். கருவி, அளவீடு, இரண்டு நிலைகள், எவ்வளவு சுத்தம் செய்த பொருளானாலும் நீரைத் தொட்டால் பரப்பை அழுக்காக்கும் என்ற எச்சரிக்கை, எல்லாம் வரிசையாக வருகின்றன.

ரேலி என்ன செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக இந்த இடத்தில்தான் வில்லன் வருவார். இங்கே வரவில்லை. அவர் மனைவி கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மார்ச் 2 அன்று ரேலி அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார், மார்ச் 12 இதழில் வெளிவந்தது. தன் ஆய்வோடு பாதி ஒத்துப்போகிற, பாதி தன்னைத் தாண்டிப் போகிற ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடியிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. அவர் அப்படிச் செய்யாததால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

அவர் எழுதிய முன்குறிப்பில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். மிக எளிய வீட்டுச் சாமான்களைக் கொண்டு இந்த ஜெர்மானியப் பெண்மணி மதிப்புள்ள முடிவுகளுக்கு வந்திருக்கிறார் என்று அறிமுகப்படுத்துகிறார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான், பொய்யும் இல்லை. ஆனால் 130 வருடங்களாக ஆக்னஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பிடித்துக்கொண்டு தொங்குவது இந்த ஒரு வரியைத்தான். வேடிக்கை என்னவென்றால், ரேலி தன் சூடச் சோதனைக்குப் பயன்படுத்திய அந்த 84 சென்டிமீட்டர் பாத்திரம், வீட்டில் உட்கார்ந்து குளிக்கிற பெரிய குளியல் தொட்டி! ரேலி பிரபுவைக் குளியலறை விஞ்ஞானி என்று யாராவது எழுதி நான் பார்த்ததில்லை.

கடிதம் வெளியான பிறகு ஆக்னஸ் தொடர்ந்து எழுதினார். 1892, 1893, 1894 என்று ‘நேச்சரில்’ அடுத்தடுத்துக் கட்டுரைகள். 1892-இல் எழுதியது எனக்கு முதல் கடிதத்தைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு சொட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு எண்ணெயை எப்படி அளந்து நீரில் வைப்பது? அவர் பொருளை பென்சீனில் கரைத்தார். கரைசலில் எத்தனை பங்கு பொருள் இருக்கிறது என்பது தெரியும். ஒரு துளியை நீர்மேல் இட்டால் பென்சீன் ஆவியாகிப் போய்விடும், துல்லியமாக அளந்த பொருள் மட்டும் படலமாகத் தங்கிவிடும். இன்றைக்கும் ஆய்வகங்களில் ஒற்றை மூலக்கூறு அடுக்கைப் பெரும்பாலும் இப்படித்தான் விரிக்கிறார்கள். பென்சீன் புற்றுநோய் வரவழைக்கும் என்பதால் குளோரோஃபார்ம் போன்ற வேறு திரவங்களுக்கு மாறியிருக்கிறார்கள், செய்முறை அதேதான்.

இழுவிசை சடாரென இறங்கும் அந்த இடத்துக்கு என்ன பொருள் என்று 1899-இல் ரேலி விளக்கினார். அதுவரை நீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த எண்ணெய் மூலக்கூறுகள், பரப்பு சுருங்கச் சுருங்க நெருங்கி வந்து, தோளோடு தோள் முட்டிக்கொள்ளும் கணம் அது. அதாவது சரியாக ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள அடுக்கு. இன்றைய கணக்கில் கொழுப்பு அமில மூலக்கூறு ஒன்றுக்கு ஏறக்குறைய 0.2 சதுர நானோமீட்டர் இடம். சில நூல்களில் இந்த இடத்துக்குப் ‘பொக்கெல்ஸ் புள்ளி’ என்று பெயர். தகரத் தொட்டியையும் அளவுகோலையும் வைத்து, மூலக்கூறு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதற்கான அளவீட்டைத் தந்திருக்கிறார் என்றால், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றுகிறது.

பிறகு வருகிறவர் இர்விங் லாங்மியூர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1917-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதே நீள்தொட்டி, இதே குறுக்குப் பட்டை. கூடுதலாக ஒரு மிதவையை வைத்து, படலம் தள்ளும் விசையை நேரடியாக அளந்தார். மூலக்கூறின் ஒரு முனை நீருக்குள், மறு முனை காற்றை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது என்ற படத்தையும் தந்தார். இரண்டுமே பெரிய முன்னேற்றங்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பொக்கெல்ஸ் செய்த வேலையை அவர் அந்தக் கட்டுரையில் குறிப்பிடவும் செய்தார். 1932-இல் பரப்பு வேதியியலுக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கருவியின் பெயர் உலகம் முழுக்க ‘லாங்மியூர் தொட்டி’ என்று ஆகிவிட்டது.

அதே 1932-இல் ஆக்னஸுக்கு 70 வயது. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. சிறுவயதில் வந்து சேர்ந்ததிலிருந்து அவர் வாழ்ந்த அதே ஊர்தான். ஊர்க்காரர்களுக்கு இவரைத் தெரிய, லண்டன் இதழில் கடிதம் வந்து 41 வருடம் ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலேயே கூழ்ம வேதியியலாளர் வொல்ஃப்காங் ஆஸ்ட்வால்ட், பரப்புப் படலங்களை அளவிடும் முறைக்கு அடிப்படையே இந்தப் பெண்மணி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்தவைதான் என்று தெளிவாக எழுதினார்.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வருடத்துக்கு வருடம் கூடியது, ஆய்வு குறைந்தது. திரவம் திடப்பொருள் மீது எந்தக் கோணத்தில் படிகிறது என்பதைப் பற்றி 1914-இல் ஒரு கட்டுரை வந்தது. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் கடல் ஓதங்களைப் பற்றி எழுதிய நூலை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். 1913-இல் தம்பி இறந்துபோனான். கொஞ்ச நாளில் முதல் உலகப் போர். ஆய்வுலகத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே பாலம் தம்பிதான். அது போனதும் புதிய இதழ்களும் இல்லை, பேச ஆளும் இல்லை. அவர் உடல்நிலையும் சரியாக இல்லை. 1935 நவம்பர் 21 அன்று பிரவுன்ஷ்வைக்கில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த யூகத்தில் எனக்கு ஆர்வமில்லை. எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. தம்பி இயற்பியல் படிக்காமல் அப்பா மாதிரிப் படையில் சேர்ந்திருந்தால்? ரேலியின் ஆய்வு பற்றிய செய்தியே அவர் கைக்கு வந்திருக்காது. அதே நீர், அதே தகரம், அதே நோட்டுப் புத்தகம், எல்லாம் வீட்டோடு போயிருக்கும். அப்படிப் போனவர்களைப் பற்றி நம்மால் ஒன்றும் எழுத முடியாது, பெயர்கூடத் தெரியாதே.

தொட்டி என்ன ஆனது என்று கேட்டால், அது வேதியியலைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. 1925-இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து இதே வகைத் தொட்டியில் விரித்தார்கள். படலம் அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு இடம் பிடித்தது. அப்படியானால் செல்லின் உறை இரண்டு மூலக்கூறு கனம் உள்ளது என்றார்கள். பள்ளி உயிரியல் புத்தகத்தில் இரண்டு வரிசையாகத் தலையும் வாலுமாக வரைந்திருக்கும் செல் சவ்வுப் படம் அங்கிருந்து வந்ததுதான். 1957-இல் ஜான் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நுரையீரலிலிருந்து எடுத்த திரவத்தைத் தொட்டியில் விட்டுப் பரப்பைச் சுருக்கி விரித்துப் பார்த்தார். சுருக்கினால் இழுவிசை மிகக் கீழே போனது, விரித்தால் ஏறியது. நாம் மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இந்தப் பொருள்தான். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இது போதுமான அளவு ஊறியிருக்காது. அதனால் மூச்சுத் திணறும். 1959-இல் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் இருவரும் இந்தக் காரணத்தை உறுதிசெய்தார்கள். இன்று பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், தேவைப்படும் குழந்தைகளுக்குக் குழாய் வழியாக நுரையீரலுக்குள் விடும் ‘சர்ஃபாக்டன்ட்’ மருந்து அந்த ஆய்வுகளின் தொடர்ச்சி.

இப்போது சிலர் ‘லாங்மியூர்–பொக்கெல்ஸ் தொட்டி’ என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். வரவேற்கலாம். ஆனால் 1882-ஐ ஒட்டிச் செய்ததை 1917-க்குப் பின்னால் எழுதுவது எந்தக் கணக்கோ தெரியவில்லை. நான் எழுதினால் பொக்கெல்ஸை முதலில் போடுவேன்.